கிணற்று முறையும் ஞாயிற்றுக்கிழமை ஜாஸும்

அன்று மாலை மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் இருந்தவர்கள்: நான், என் தம்பி மாதேஸ்வரன், பங்காளி முறையில் எனக்குத் தம்பி மனைவியும் மாதேஸ்வரனுக்கு அண்ணியுமான காசியம்மாள், இன்னொரு பங்காளியின் மகன் ரஞ்சித்குமார், மண்டிக்காரர் குரு, டெம்போ ஓட்டும் ஆரோக்கியராஜ், அவர் மகள் ஜாஸ்மின். ஆக ஏழு பேர். ஷட்டருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்களை நான் இருந்தவர்களாகக் கருதுவதில்லை. இதைப் பற்றி ஊரில் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த வெளியே நின்றவர்கள்தான்.

எங்களுக்குப் பொதுவில் ஒரு கிணறு உண்டு. பெரிய கிணறு என்பார்கள். அதில் நான்கு பங்கு. காசியம்மாளுக்கு ஒரு நாள், அடுத்த நாள் எனக்கு, அதற்கடுத்த நாள் தம்பிக்கு, நான்காம் நாள் ரஞ்சித்குமாருக்கு. மறுபடி காசியம்மாள். அமாவாசையன்று மட்டும் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. மாடு கட்டிக் கவலையில் நீர் இறைத்த காலத்தில் அன்று மாட்டுக்கு ஓய்வு. மாடு போய் மோட்டார் வந்த பிறகும் அந்த ஓய்வு நாள் வழக்கத்தை நாங்கள் விடவில்லை. அன்றைக்கு முறை உள்ளவர் மறுநாள் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் ஒரு நாள் தள்ளிப் போவார்கள்.

இன்று யார் முறை என்று சொல்லும் பொறுப்பு எங்கள் வீட்டுடையது. தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், இருபத்தாறு வருடமாக நான் சொல்கிறேன். ஒரு முறைகூட அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் பெருமைகளில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

மாதேஸ்வரன் முப்பத்திரண்டு வருடம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவன். வரும்போது இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தான். குவார்ட்டர்ஸில் பக்கத்து அறையில் இருந்த கோலார்க்கார ஃபிட்டர் ஒருவர் அவனுக்கு பேஸ் கிடார் வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கம்பெனியில் நடந்த மாலை வகுப்பில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றிருக்கிறான். இரண்டையும் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யவில்லை, ஆசைக்காகச் செய்கிறான். ஒரு ஆளுக்கு ஒரு ஆசை போதாதா என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் நடுவுல வரப்பு போட்டுட்டன் அண்ணே" என்றான். "வாரத்துல ஆறு நாளு காலையில காப்பி குடிச்சதுலருந்து பத்து மணி வரைக்கும் புரோகிராம். ஞாயித்துக்கெழம மூணுலருந்து ஆறு வரைக்கும் தக்காளி மண்டியில வாசிப்பு. ஒண்ணு இன்னொண்ணு வரப்பத் தாண்டாது."

தாண்டவும் இல்லை. ஞாயிறு மூன்று மணிக்குப் போனை அணைத்துவிடுவான். திங்கட்கிழமை காலை கிடாரைத் தொட மாட்டான். கிணற்றுத் தண்ணீரைப் பிரிப்பது போலத் தன் வாரத்தைப் பிரித்து வைத்திருந்தான்.

புரோகிராமில் எனக்கு மறுப்பில்லை. கிணற்று முறையை அவன் போனில் ஏற்றினான். விடியற்காலையில் அன்றைக்கு முறை உள்ளவருக்குச் செய்தி போகும், மோட்டார் தானாக ஓடும், அவரவர் வயலில் வால்வைத் திறந்துகொள்ள வேண்டியதுதான். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சில மாதம் அமாவாசை இரண்டு நாளில் பாதிப் பாதியாக விழும், எதைக் கொள்வது என்று பேச்சு வரும். அதற்காக என் போனில் மட்டும் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தான்.

"நீ அமுக்குனா அமாவாசை. அதுக்கு மேல கம்ப்யூட்டரு வாய் தொறக்காது" என்றான். முறை தெரிந்தவன் எழுதிய புரோகிராம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசிப்பில்தான் எனக்கு மறுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு வாத்தியம் வைப்போம், வாசிக்க மாட்டோம். அதைச் சொன்னேன்.

"இது கல்யாண வாத்தியம் இல்லண்ணே, ஜாஸ்னு அமெரிக்கக்காரங்க வாசிப்பு. யாருக்காகவும் வாசிக்கறதில்ல. மண்டியில நாலு பேரு, எங்களுக்கு நாங்களே" என்றான்.

"அப்படின்னா ஷட்டர எறக்கிட்டு வாசிங்க."

"தகரக் கொட்டாய். வெந்துருவோம்."

பாதி இறக்கினார்கள். அதுதான் நாங்கள் கண்ட சமரசம்.

பங்குனி மாதத்து ஞாயிறு அது. மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். காசியம்மாள் வந்தாள். பொம்மிடியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ் இறங்கியிருந்தாள். வழியில் தன் வயலை மட்டும் பார்த்துவிட்டு, கையில் இருந்த பையைக்கூட வைக்காமல் வந்து நின்றாள்.

"நல்லா இருக்கறீங்களா மாமா? உங்க வாழ நல்லா இருக்குது. வர்ற வழியில பாத்தன். என் தண்ணியக் குடிச்சா நல்லாத்தான இருக்கும்."

"உக்காரு. என்னன்னு சொல்லு."

"உக்கார வரல. வியாழக்கெழம என் மொற. தண்ணி இல்லன்னு போன்ல வந்துச்சு. கரண்டு வேலையா இருக்கும்னு வுட்டன். வெள்ளிக்கெழம 'இன்னிக்கு உங்க மொற'ன்னு என் போனுக்கு வருது. அமாவாசையில எவ தண்ணி பாய்ச்சுவா? வால்வ மூடிட்டு வந்துட்டன். சனிக்கெழம எனக்குத்தான் வரும்னு ஆளுகிட்ட சொல்லிட்டுப் பொம்மிடிக்குப் போனன். சனிக்கெழமத் தண்ணி எங்க போச்சுன்னு உங்க வாழையக் கேளுங்க."

சனிக்கிழமை என் வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது உண்மை. போனில் என் முறை என்று வந்தது, பாய்ச்சினேன்.

"பூவெடுத்த தக்காளி மாமா. மூணு நாளாக் காஞ்சு பூவெல்லாம் கொட்டிக் கெடக்குது. புருசன் இல்லாதவ தண்ணிய மொற சொல்ற வூடே எடுத்துக்கும்னு நான் நெனைக்கல."

இந்த ஒரு வாக்கியத்தை என் வீட்டு வாசலில் நின்று ஒருவர் சொல்ல நான் கேட்டதில்லை. என் அப்பாவும் கேட்டதில்லை.

"இனிமே மொற சொல்றது ரஞ்சித்குமாரு சொல்லட்டும்" என்றாள். "பொழுது சாயறதுக்குள்ள எனக்கு பதிலு வேணும். இல்லன்னா நாளைக்கு நாலு பேர வெச்சிக் கேப்பன்."

எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. நான் சிவப்புப் பொத்தானை அமுக்கியது வெள்ளிக்கிழமைதான். காலண்டரில் வெள்ளி என்றும் அமாவாசை என்றும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன். அப்படியானால் தப்பு புரோகிராமில். புரோகிராம் எழுதுகிறவன் ஞாயிறு தோறும் மண்டியில் கிடாரைத் தட்டிக்கொண்டிருந்தால் இதுதான் நடக்கும். போன் செய்தேன். மணி மூன்றரை, அணைத்து வைத்திருந்தான்.

மொபெட்டை எடுத்தேன். காசியம்மாள், செல்போன் கடை வைத்திருக்கும் ரஞ்சித்குமாரைக் கடையை மூடச் சொல்லி அவன் வண்டியில் ஏறிப் பின்னாலேயே வந்தாள்.

பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து போவது எனக்குப் பிடிக்காத காரியம். போனேன். உள்ளே காலி தக்காளிக் கிரேட்டுகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. குரு கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்கத் தக்காளி எடை போடும் கை அது. மாதா கோவில் பேண்டில் டிரம்பெட் ஊதும் ஆரோக்கியராஜ் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். பாலக்கோட்டில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஜாஸ்மின் கீபோர்டில் இருந்தாள். மூலையில் தம்பி, அறுபது வயதில், கழுத்தில் கிடாரைத் தொங்கவிட்டு நின்றான்.

குரு தலையாலேயே ஒரு கிரேட்டைக் காட்டினார். நான் கிரேட்டில் உட்கார்வதில்லை. நின்றேன்.

போனதும் நிறுத்தச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நடந்துகொண்டிருந்தது என்னவென்று பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. முதலில் எல்லோரும் ஒரே மெட்டை வாசித்தார்கள். பிறகு ஒருவர் மட்டும் தன் மனதுக்குத் தோன்றியதை வாசிக்க, மற்றவர்கள் குரலை இறக்கி அவரைத் தாங்கினார்கள். அவருக்கு உரிய அளவு முடிந்ததும் அடுத்தவர். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் ஒருவர் அளவில் இன்னொருவர் நுழையவில்லை. முறை உள்ளவனைப் பாதியில் நிறுத்துவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

காசியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன மாமா இது, ஆளாளுக்கு ஒண்ணு வாசிக்கறாங்க?"

"மொற வெச்சி வாசிக்கறாங்க."

"இப்ப யாரு மொற?"

"அந்தப் புள்ளைது."

"சரி, முடியட்டும்" என்றவள் கிரேட்டில் உட்கார்ந்தாள். "இங்கயாவது மொற ஒழுங்கா நடக்குது."

முடிந்தது. தம்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்து, கிடாரைக் கழற்றாமலே வந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். காசியம்மாள் அவள் பங்குக்குச் சொன்னாள். ரஞ்சித்குமாரைக் கேட்டால், "எனக்கு மொறையெல்லாம் வேணாம் பெரியப்பா. கடையில நின்னு பதிலு சொல்லவே வாய் பத்தல" என்றான்.

"நீ சும்மா இருடா" என்றாள் காசியம்மாள்.

தம்பி போனைத் திறந்து ஏதோ பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது. என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"தப்பு என் புரோகிராம்லதான் அண்ணி" என்றான் அவளிடம். "ஒரு நாளு முன்னாலயே நிறுத்திருக்குது. உங்க மேலயும் இல்ல, அண்ணன் மேலயும் இல்ல. நான்தான் சரியாப் பாக்கல."

"பாட்டு வாசிச்சா எப்பிடிப் பாப்ப?"

"அதாங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு இங்க வர மாட்டன். ஞாயித்துக்கெழமையும் ஒக்காந்து மொத்தத்தையும் புதுசா எழுதிடறன்."

ஆரோக்கியராஜ் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "என்னங்கண்ணே, வர்ற வாரம் ஓசூர்லருந்து ரெண்டு பேரு கேக்க வர்றாங்க. பேஸ் இல்லாம நாங்க என்ன பண்றது?"

"வேற ஆளு இல்லீங்க அங்கிள்" என்றாள் ஜாஸ்மின்.

"அவரு வூட்டுப் பிரச்சன. நாம பேசக் கூடாது" என்றார் குரு. சொல்லிவிட்டு, "கடைசியா ஒண்ணு வாசிச்சிட்டுப் போங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு இது நியாயமாகப் பட்டது. தப்பை ஒப்புக்கொண்டான், திருத்துகிறேன் என்றான், ஒரு ஆசையை விட்டுக்கொடுத்தான். இனி காசியம்மாளுக்குத் திருப்ப வேண்டிய தண்ணீரை எந்த நாள் தருவது என்று முடிவு செய்து எழுதிக்கொடுத்தால், முறை எங்கள் வீட்டிலேயே இருக்கும்.

இப்படி எழுத நான் தனியாகக் காகிதம் வாங்குவதில்லை. தினமும் காலையில் காலண்டரில் தாளைக் கிழித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன், பின்பக்கம் எழுத உதவும். பையில் அந்த வாரத்துத் தாள்கள் இருந்தன. மேலே இருந்த செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்தேன். கொஞ்சம் தடிப்பாக இருந்தது. நகத்தால் ஓரத்தைப் பிரித்தேன். அடியில் புதன்கிழமை ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டிய காலண்டர், எண்ணெய் பட்டிருக்கிறது.

புதன்கிழமை காலை செவ்வாயைக் கிழிக்கும்போது புதனும் சேர்ந்து வந்துவிட்டது. அன்று முதல் என் வீட்டுக் காலண்டர் ஒரு நாள் முன்னால் ஓடியிருக்கிறது. வியாழக்கிழமை காலையில் என் சுவரில் வெள்ளி என்றும் அமாவாசை என்றும் இருந்தது. ஊரெல்லாம் வியாழனாக இருந்தபோது நான் பொத்தானை அமுக்கியிருக்கிறேன். பேப்பர் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது, வேறு எங்கும் கிழமை பார்க்கும் அவசியம் எனக்கு இருந்ததில்லை.

அப்போது மற்றதும் விளங்கியது. அந்த வியாழக்கிழமை, அமாவாசை என்று முன்னோருக்குப் படைத்துக் காகத்தை அரை மணி நேரம் கூப்பிட்டேன், ஒன்றுகூட வரவில்லை. பருப்பில் உப்பில்லை என்று என் மனைவி சென்னம்மாளைக் குறை சொன்னேன். மறுநாள் காலை காலண்டரிடம் போனபோது, "கிழிச்சாச்சு, நீங்க போங்க" என்றாள் அவள். கிழித்ததை மறுபடி பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று மதியம் கொல்லைச் சுவரில் ஏழெட்டுக் காகங்கள் சோறு தின்றுகொண்டிருந்தன. மீந்ததைப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

தம்பியைப் பார்த்தேன். கிடாரின் கம்பியைத் திருகிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் இருந்தான். அவன் போனில் விரல் நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை, விடியற்காலை, அமுக்கியவர் அண்ணன்.

நால்வரும் மெதுவாகக் கடைசிப் பாட்டைத் தொடங்கினார்கள். தாள் இரண்டும் என் கையில் இருந்தன. வேறு யாரும் பார்க்கவில்லை. மடித்துப் பையில் வைத்திருந்தால் எல்லாம் அதோடு தீர்ந்திருக்கும். காசியம்மாளுக்குத் தண்ணீர், எங்கள் வீட்டுக்கு முறை, கம்ப்யூட்டருக்குப் பழி. ஆனால் கம்ப்யூட்டருக்குப் பழி என்பது மாதேஸ்வரனுக்குப் பழி. அவனும் எங்கள் வீட்டு ஆள். வீட்டு மானத்தைக் காக்க வீட்டு ஆளின் தலையில் பொய்யைக் கட்டினால், காப்பாற்றியது என்ன என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

நான் இரண்டடி முன்னால் போனேன். ஆரோக்கியராஜ் என்னைப் பார்த்ததும் டிரம்பெட்டை இறக்கப் போனார்.

"நிறுத்த வேண்டாம். வாசிங்க" என்றேன்.

காரணம் உண்டு. ஷட்டருக்கு வெளியே ஒன்பது பத்து ஜோடிக் கால்கள் தெரிந்தன. எங்கள் வீட்டுப் பேச்சு அவர்கள் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

"காசியம்மா, தப்பு புரோகிராம்ல இல்ல" என்றேன். "நான் காலண்டர்ல ரெண்டு தாளு கிழிச்சிட்டன்."

"என்னங்க மாமா?"

டிரம்பெட் அப்போதுதான் உயரத்துக்குப் போயிருந்தது. அது இறங்கும் வரை காத்திருந்தேன்.

"ரெண்டு தாளு கிழிச்சிட்டன். வியாழக்கெழமைய அமாவாசைன்னு நாந்தான் அமுக்குனன்."

"வியாழக்கெழம என்ன?"

குரு டிரம்ஸை ஓங்கி அடித்தார். நான் குரலை உயர்த்தி, கையில் தாளை நீட்டி, முழுவதையும் மூன்றாம் முறை சொன்னேன். இந்தத் தடவை கேட்டது. தம்பி வாசிப்பதை நிறுத்தவில்லை, தலையை மட்டும் குனிந்துகொண்டான்.

காசியம்மாள் எழுந்து வந்து இரண்டு தாளையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செவ்வாய், புதன். சேர்த்து வைத்தாள், பிரித்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அதான் வியாழக்கெழம உங்க கொல்லையில காக்காவக் கூப்புட்ட சத்தமா? நான் உங்க வூட்டுல யாருக்கோ திதின்னு நெனச்சன்."

"சிரிச்சது போதும். உனக்குச் சேர வேண்டியதச் சொல்லு."

பாட்டு முடிந்திருந்தது. "இன்னிக்கு என் மொற" என்றான் தம்பி. "விடியற வரைக்கும் நீங்க எடுத்துக்கங்க அண்ணி. ஆளப் போயி வால்வத் தொறக்கச் சொல்லுங்க."

"புதன்கெழம என் மொறையும் உன்னுது" என்றேன் நான். "பூ கொட்டுனதுக்கு."

அவள் தாள் இரண்டையும் மடித்துத் தன் பையில் வைத்தாள். முறை எங்கள் வீட்டில் இருக்குமா போகுமா என்பது அந்த நேரத்தில்தான் முடிவாயிற்று. நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது.

"மொற உங்க வூட்டுலயே இருக்கட்டும் மாமா" என்றாள். "மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்கு. ஆனா அமாவாசைய இனிமே ஒரு ஆளு சொல்லக் கூடாது. மாதேசு, அந்தச் செவப்புப் பொத்தான என் போன்லயும் வையி. ரெண்டு பேரும் அமுக்குனாத்தான் அமாவாசை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தாத்தா இருந்திருந்தால் இதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அவர் வீட்டில் காலண்டரும் இருந்ததில்லை.

"வெக்கட்டும்" என்றேன்.

"ரெண்டு காலையில முடிச்சிருவன்" என்றான் தம்பி. "செவ்வா, புதன் போதும். ஞாயித்துக்கெழமையத் தொட வேண்டியதில்ல." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னான்.

"தொட வேண்டாம்" என்றேன். "ஓசூர்க்காரங்க வர்றப்ப ஷட்டர முழுசாத் தூக்கிடுங்க. வெளியூர்க்காரங்களக் குனிய வெச்சிக் கூப்புடறது நமக்கு மரியாதையில்ல."

வீட்டுக்கு வந்ததும் சென்னம்மாள் காப்பி கொடுத்தாள். என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"தாளு எங்க?"

"காசியம்மா வாங்கிட்டுப் போயிட்டா. உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம விடியறப்பவே பக்கத்து வூட்டுல படையலுக்கு ஏற்பாடு பண்றாங்க, அப்பத்தான். அதான் அன்னிக்கு உங்களத் தாளு கிழிக்க வுடல."

"ஏன் சொல்லல?"

"பொத்தான் ஒண்ணு இருக்கறது எனக்கு எப்பிடித் தெரியும்? காக்கா வந்து தின்னுட்டுப் போனாப் போதும்னு இருந்துட்டன்" என்றாள். பருப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது என்பதையும் அப்போதே ஒப்புக்கொள்ள வைத்தாள்.

இதுதான் நடந்தது. இப்போது பஸ் நிலையத்து டீக்கடையில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். பெரிய கிணற்றுக்காரர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டியில் பாடினாராம். ஒரே வரியை மூன்று தடவை, தடவைக்குத் தடவை சுருதியை ஏற்றிப் பாடினாராம். அடுத்த ஞாயிறும் பாடுவாராம்.

நான் பாடவில்லை. பேசினேன். மூன்று தடவை சொன்னது காசியம்மாளுக்குக் காதில் விழாததால்.